பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள்

கேள்வி: டாக்டர், எங்கள் வீடு மதுரை திருநகரில். மாமியாருக்கு 67 வயது. பல வருஷமாகச் சர்க்கரை, இப்போது காலையும் இரவும் இன்சுலின் போடுகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 3. போன மாதம் குக்கர் ஆவி பட்டு மகளுக்குக் கையில் சுட்டுவிட்டது. மாமியார் பதறிப்போய் டூத்பேஸ்ட்டைத் தடவிவிட்டார். அலமாரியில் தேடினால் பழைய இருமல் மருந்து, பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து, ஒரு பஞ்சு உருண்டை, இவ்வளவுதான். அப்புறம் ஆன்லைனில் ஒரு முதலுதவிப் பெட்டி வாங்கினேன். உள்ளே விரல் நகம் அளவுக்குப் பிளாஸ்திரி ஐம்பது, ஒரு குட்டிக் கத்தரி, ஏதோ முக்கோணத் துணி. மே மாதம் குடும்பத்தோடு காரில் கொடைக்கானல் போகிறோம், கணவர்தான் ஓட்டுவார். மாசிச் சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் இரவு தங்குவது வழக்கம். வீட்டுக்கும் பயணத்துக்கும் உண்மையில் என்னதான் வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளின் கை ஆறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. தழும்பு இழுத்துக்கொண்டு விரலை மடக்கவோ நீட்டவோ சிரமப்பட்டால், இதைப் படிப்பதை அப்படியே வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் வாங்கியது எல்லாருக்கும் பொதுவாகச் செய்து விற்கும் பெட்டி. உங்கள் வீட்டில் இன்சுலின் போடும் பெரியவர் ஒருவரும் மூன்று வயதுக் குழந்தையும் இருப்பது அதைச் செய்தவருக்குத் தெரியாது. வீட்டுப் பெட்டியை வீட்டு ஆட்களை நினைத்து, அவர்களுக்கு என்னென்ன நடக்கக்கூடும் என்று யோசித்து, நீங்களேதான் சேர்க்க வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் தினமும் நான் பார்ப்பது இதுதான்: முதல் பத்து நிமிடத்தில் வீட்டார் சரியாக ஒன்றைச் செய்திருந்தால் எங்கள் வேலை பாதி முடிந்திருக்கும். தவறாக ஒன்றைத் தடவியிருந்தால், முதலில் அதைக் கழுவி எடுக்கவே நேரம் போய்விடும்.

ஒரே பெட்டி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு இரண்டு வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போடும் பொருள்கள் ஒன்றில், மருந்து மாத்திரைகள் இன்னொன்றில். காரணம் உங்கள் பிள்ளைகளின் வயதுதான். மருந்துப் பெட்டி மூன்று வயதுக் குழந்தை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கட்டுப் பெட்டியோ ஒன்பது வயது மகன் ஓடிப்போய் எடுத்துவரும் உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெட்டியைக் கொண்டுவரப்போவது அவன்தான். இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்று குழந்தைக்கு ஆபத்து, இல்லையென்றால் அவசரத்துக்கு எட்டாது. உள்ளிருப்பது வெளியே தெரிகிற, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவே போதும். பூட்டு வேண்டாம். ஆபத்து வேளையில் சாவி கிடைக்காது.

கட்டுப் பெட்டியில் முதலிடம் காஸ் துணிக்கு. தனித்தனி உறையில் கிருமி நீக்கி வரும் காஸ் துண்டுகள் பத்து வாங்குங்கள், உள்ளங்கை அளவுக்கு. பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள். இழை இழையாக ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது ஆறத் தொடங்கிய இடமும் சேர்ந்து பிய்ந்து வரும். அடுத்து ரோலர் பேண்டேஜ், இரண்டு அங்குல அகலத்தில் இரண்டும் நாலு அங்குலத்தில் இரண்டும். சுளுக்குக்கு ஆறு அங்குல கிரேப் பேண்டேஜ் ஒன்று. தோலை உரிக்காத காகிதப் பிளாஸ்திரி ஒரு சுருள். சாதாரண பேண்ட்-எய்டு பத்துப் பதினைந்து போதும். முனை மழுங்கிய, ஆனால் துணியை வெட்டுகிற அளவுக்குக் கூரான கத்தரிக்கோல். முள் எடுக்க இடுக்கி. கையுறை இரண்டு ஜோடி. பொவிடோன் அயோடின் களிம்பு சிறியது ஒன்று. சின்ன டார்ச். அந்த முக்கோணத் துணியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கை முறிந்தால் கழுத்தோடு தூக்கிக் கட்டவும், காலை அசையாமல் ஒரு கம்போடு சேர்த்துக் கட்டவும் அதைவிட நல்ல பொருள் கிடையாது. வாங்கிய பெட்டியில் உருப்படியானது அது ஒன்றுதான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், தண்ணீர் கலக்காத டெட்டால் எதுவும் காயத்துக்கு வேண்டாம். நுரை வருவதையும் எரிவதையும் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். எரிவது நல்ல சதையும்தான். சிராய்ப்பையும் சின்ன வெட்டையும் குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் மண் போகக் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டால் போதும். அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினால் காஸை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். எல்லாரும் செய்கிற தவறு, நின்றுவிட்டதா என்று அரை நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்ப்பது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் உறைந்துவரும் ரத்தம் கலைந்துவிடும். முதல் காஸ் நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் அடுப்படியிலேயே இருக்கட்டும். காப்பித்தூளை அப்பிக்கொண்டு வருகிற காயத்தைச் சுரண்டிக் கழுவித்தான் தையல் போட வேண்டியிருக்கிறது, அந்த வலி நோயாளிக்குத்தான்.

இனி சூடு. இது உங்கள் வீட்டில் ஏற்கனவே நடந்தது, மறுபடியும் நடக்கலாம். எனவே விரிவாகச் சொல்கிறேன். ஆவியோ கொதிக்கும் சாம்பாரோ பட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு எடுப்பதில் பயனில்லை, மேல்தோலுக்குக் கீழே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். உடனே முடியாமல் போனாலும், பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை வைகாசியில் மத்தியான வேளை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கையைச் சுடும். அதைத் திறந்து பிள்ளையின் கையைக் காட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். சூடாக இருந்தால் குடத்துத் தண்ணீரையோ மண்பானைத் தண்ணீரையோ சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், அது தோலை இன்னும் கெடுக்கும். தண்ணீர் ஊற்றும்போதே வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும்.

பிறகு, சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துண்டையோ தளர்வாகப் போர்த்தி டாக்டரிடம் போங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். டூத்பேஸ்ட், இங்க், முட்டை வெள்ளை, நெய் எதுவும் வேண்டாம். சூட்டுக் களிம்பைக்கூட டாக்டர் பார்க்கும் முன் பூசாதீர்கள், காயத்தின் ஆழம் தெரியாமல் போய்விடும். முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றால் அளவு சிறிதானாலும் ஆஸ்பத்திரிதான். மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள். பேத்தி அழும்போது எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அது. அவருக்கே ஒரு வேலையைக் கொடுத்துவிடுங்கள். "அத்தை, இவளுக்கு இனி எங்கே சுட்டாலும் நீங்கதான் தண்ணி ஊத்தணும், இருபது நிமிஷம் நிறுத்தக்கூடாது" என்று சொல்லிவையுங்கள். உங்களைவிடக் கண்டிப்பாகச் செய்வார்.

மாமியார் வெற்றிலை போடுவாரா? போடுவார் என்றால் சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பிளாஸ்டிக் உறையிலும் குப்பியிலும் வரும் சுண்ணாம்பைக் குழந்தை கையில் எடுத்து அமுக்கும். அது பீய்ச்சிக்கொண்டு நேராகக் கண்ணில் அடிக்கும். சுண்ணாம்பு கருவிழியை அரித்துக்கொண்டே உள்ளே போகக்கூடியது. அப்படி நடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் கழுவ வேண்டும். இமையை விரித்துப் பிடித்து, குழந்தை எவ்வளவு கத்தினாலும் விடாமல், அரை மணி நேரம் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். ஒட்டியிருக்கும் வெள்ளைத் துணுக்குகளை ஈரத் துணி நுனியால் எடுங்கள். அதன் பிறகு அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ பெரியாஸ்பத்திரி கண் பிரிவுக்கோ போகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். கண் சொட்டு மருந்தைத் திறந்த ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மருந்துப் பெட்டிக்கு வருவோம். அதில் என்ன சேர்ப்பது என்பதைவிட என்ன எடுப்பது என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக், இருமல் சிரப், பக்கத்து வீட்டில் கொடுத்த வலி மாத்திரை எல்லாம் வெளியே போகட்டும். பழைய ஆன்டிபயாடிக்கில் நாலு மாத்திரை போட்டுப் பார்ப்பது நோயைத் தீர்க்காது, அடுத்த முறை மருந்து கேட்காதபடி கிருமியைப் பழக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இருமல் சிரப்பால் கிடைக்கும் நன்மையும் ஒன்றும் பெரிதில்லை.

வைக்க வேண்டியதில் முதலாவது பாரசிட்டமால். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை. பிள்ளைகளுக்குச் சிரப். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் சிரப் எல்லாம் ஒரே வீரியம் இல்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பது ஒன்று, 250 இருப்பது இன்னொன்று, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகள் 13 கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். 120 சிரப் என்றால் ஏழரை மில்லி. 250 சிரப் என்றால் மூன்றரை மில்லி. இரண்டிலும் ஏறக்குறைய 180 மில்லிகிராம்தான். "போன தடவை ஏழரை கொடுத்தோம்" என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை ஏழரை மில்லி ஊற்றினால் 750 மில்லிகிராம், நாலு மடங்கு. ஈரல் தாங்காது. ஆகவே வீட்டில் ஒரே வீரியமுள்ள சிரப்பை மட்டும் வையுங்கள், எப்போதும் அதையே வாங்குங்கள். இரு பிள்ளைகளின் எடையையும் மில்லி அளவையும் குழந்தை டாக்டரிடம் ஒருமுறை சரிபார்த்து, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். சமையல் கரண்டி வேண்டாம், மருந்தோடு வரும் அளவுமூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று அருகில் இருக்கட்டும். பாதரசம் வைத்த பழைய கண்ணாடிக் குழாய் இருந்தால் அது வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்கு வராத வருஷம் இல்லை. டெங்குவில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். நிமிசுலைடை 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2011இலேயே அரசு தடை செய்துவிட்டது.

அடுத்தது வாந்தி பேதிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஓஆர்எஸ் பொடி, ஐந்தாறு பாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று உறையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சாறு மாதிரி வருகிற இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடு இல்லை. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலக்குவது, சுவைக்குச் சர்க்கரை சேர்ப்பது எல்லாம் கூடாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட்டு மிச்சத்தைக் கொட்டுங்கள். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஐந்து பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள், உள்ளே நிற்கும். பாக்கெட் கைவசம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

இவற்றோடு அரிப்புக்கும் தடிப்புக்கும் செட்டிரிசின், நெஞ்செரிச்சலுக்கு ஒரு ஆன்டாசிட். வீட்டு மருந்துப் பெட்டி அவ்வளவுதான். உங்கள் மாமியாருக்கானது தனி.

இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதுதான் உடனடி ஆபத்து. திடீரென்று வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். சிலர் காரணமே இல்லாமல் எரிந்து விழுவார்கள். "அத்தைக்கு இன்னிக்கு என்ன கோபம்" என்று ஒதுங்கிப் போகாமல் குளூக்கோமீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்தால் குளூக்கோஸ் பொடி மூன்று டீஸ்பூன் அரை டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. பிறகு இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் இதற்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும் என்பது இன்னொன்று. மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத அசதி, தாடையிலோ தோளிலோ ஒரு பிடிப்பு. வாயு என்று சொல்லிச் சோடாவும் இஞ்சிச் சாறும் கொடுத்துக்கொண்டே இரவைக் கழித்துவிட்டு விடிந்து வருகிறவர்கள் ஏராளம். அந்த இரவுக்குள் போயிருக்கும் இதயத் தசை திரும்ப வராது. சந்தேகம் வந்தாலே 108தான். ஆஸ்பிரின் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, எப்போது கொடுக்கலாம் என்று அவருடைய டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிவையுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி ஆளே சாய்ந்துவிடலாம்.

கொடைக்கானலுக்குப் போகும்போது இரண்டு பெட்டியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பை காரின் டிக்கிக்குப் போகக் கூடாது, உங்கள் காலடியில் இருக்கட்டும். மே மாத வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் இன்சுலின் கெட்டுவிடும், மாத்திரைகளும் வீரியம் குறையும், பிளாஸ்திரியின் பசை உருகி வழியும். சாப்பிட இறங்கும்போது பையையும் கையோடு கொண்டுபோங்கள். இன்சுலினை ஒரு துண்டில் சுற்றிக் குளிர்காப்புப் பையில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துபோனால் அந்த இன்சுலின் எதற்கும் ஆகாது.

மலைப்பாதையில் நான் பயப்படுவது வேறொன்று. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் வளைவுகளில் வாந்தி வரும் என்று பெரியவர்கள் காலையில் எதுவும் சாப்பிட மாட்டார்கள். ஆனால் இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். பாதி மலையில் சர்க்கரை இறங்கி மயங்கிச் சாய்வார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் தலைசுற்றல் என்று நினைத்துத் தூங்க விடுவார்கள். உங்கள் மாமியார் இட்லி இரண்டாவது சாப்பிட வேண்டும். பயண நாளன்று இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாந்திக்கான மாத்திரையைப் புறப்படும் முன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலிக்கும். வத்தலக்குண்டு வந்தபின் தேடிப் பயனில்லை. அவோமின் போன்றவை தூக்கம் தருபவை, கணவர் கண்டிப்பாகப் போடக் கூடாது, செட்டிரிசினும் அப்படியே. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவோமின் கூடவே கூடாது. உங்கள் மகளுக்கு மூன்றுதான் ஆகிறது என்பதால் குழந்தை டாக்டர் சொன்னால் மட்டும். மகன் போனைப் பார்க்காமல் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதி வாந்தி நின்றுவிடும்.

கொடைக்கானல் குளிரில் மாமியார் காலுக்கு வெந்நீர்ப் பை கேட்டால் கொடுக்காதீர்கள். பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்திருக்கும், தோல் வெந்தாலும் தெரியாது. மறுநாள் காலை கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். கம்பளிக் காலுறை போதும். குரங்கு கடித்தாலும் பிராண்டினாலும் நாய்க்கடி மாதிரியே: சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கட்டுப் போடாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஊசி இலவசம். ஊருக்குத் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள்.

குலசாமி கோயில் இரவுக்கு இதே பையோடு பெரிய டார்ச்சும் கொசுவலையும் சேருங்கள். வெறும் தரையில் படுக்காமல் கட்டிலோ பெஞ்சோ கிடைத்தால் பிள்ளைகளை அதில் படுக்க வையுங்கள். தரைதான் என்றால் வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு, தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி, இமை தூக்க முடியாமல் தொங்குவது, எச்சில் விழுங்கச் சிரமம் என்று ஒருவர் சொன்னால், ராத்திரிக் கறிச்சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பாம்பு கடித்தது தெரிந்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை கொடுப்பது எதுவும் வேண்டாம். கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை ஒரு கம்போடு சேர்த்து அந்த முக்கோணத் துணியால் அசையாமல் மட்டும் கட்டி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நேராக உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ போங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் அடையாளங்களை வைத்துச் சிகிச்சை தொடங்க முடியும்.

கோயில் பொட்டலில் மாமியார் வெறுங்காலோடு நடப்பார், வேண்டாம் என்றால் சாமி குத்தம் என்பார். நடக்கட்டும். ஆனால் இரவு படுக்கும் முன் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் நீங்களே பாருங்கள். சீமைக்கருவேல முள் ஒடிந்து உள்ளே இருந்தாலும் அவருக்கு வலிக்காது, ஒரு வாரத்தில் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். மேலே தெரியும் முள்ளை இடுக்கியால் எடுத்துக் கழுவி அயோடின் வைக்கலாம். ஒடிந்து உள்ளே போயிருந்தால் நோண்டாமல் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். ஆணிக்கால் பிளாஸ்திரியைச் சர்க்கரைக்காரர் பாதத்தில் ஒட்டவே கூடாது, அதிலுள்ள அமிலம் தோலைப் புண்ணாக்கும்.

எலி பேஸ்ட், மண்ணெண்ணெய், பாட்டியின் சர்க்கரை மாத்திரை, இவற்றில் எதையாவது மகள் வாயில் வைத்துவிட்டால் பெட்டியில் தேட ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலி பேஸ்ட் தின்ற குழந்தை இரண்டு நாள் நன்றாக விளையாடும், ஈரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் தெரியும். அதனால் நன்றாக இருக்கிறாளே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

அந்த எண்ணையும் 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, மாமியாருடைய டாக்டர், குழந்தை டாக்டர் எண்களையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு பெட்டியின் மூடியிலும் ஒட்டுங்கள். அதே தாளில் மாமியார் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், இன்சுலின் அளவு, யாருக்காவது எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதுவும். போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் பயணத்துக்கும் ஆயிற்று. பெட்டியைக் குளியலறையிலோ அடுப்புப் பக்கமோ ஃபிரிட்ஜ் மேலோ வைக்காதீர்கள், மூன்றும் மருந்துக்கு ஆகாத இடம். காசு அதிகம் ஆகுமோ என்று யோசித்தால், பாரசிட்டமால், செட்டிரிசின் மாதிரியான மருந்துகளை முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் குறைந்த விலையில் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை இரண்டு பெட்டியையும் தரையில் கொட்டித் தேதி பாருங்கள். பிள்ளைகளை எடை பார்ப்பதையும் அன்றைக்கே வைத்துக்கொண்டு, சிரப் பாட்டிலில் ஒட்டிய அளவைத் திருத்தி எழுதிவிடுங்கள்.